நல்ல குணமுள்ள கட்டி

அக்கா, இதனால் டப்ளின் வாழ் மக்களுக்கு அறிவிப்பது: வலது அக்குளில் தையல் இருப்பதால் பேனா பிடிக்கக் கூடாத அம்மாவுக்கு, ஒரு ரொட்டி சானாய் சம்பளத்தில், உன் தம்பி கிஷன் தலைமை எழுத்தராகப் பதவியேற்றுள்ளான். அம்மா சொல்வது அப்படியே வரும். அடைப்புக்குறிக்குள் வருவது என் சொந்தச் சரக்கு.

அன்பு மகள் காமினிக்கு, இங்கே நான், அப்பா, இந்த வாலு எல்லோரும் சுகம், இந்தத் தடவை அதை வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, மெய்யாகவே சுகம். அன்று போனில் டாக்டர் சொன்ன ‘பினைன்’ என்ற சொல்லைக் கேட்டதுமே நீ அழ ஆரம்பித்துவிட்டாய், ஒன்றும் பேச முடியவில்லை, அதனால்தான் பார்சலோடு இதையும் வைக்கிறேன். எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்ததில் கெட்டது ஒன்றும் இல்லையாம், பரவாதாம், இனி ஊசியும் வேண்டாம் மருந்தும் வேண்டாம், தையல் பிரிக்கப் போனால் போதும். முடிவு தெரியும்வரை அப்பா மாக் மண்டின் தொழிற்சாலை வேலைக்குச் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போவார், அது மேசையில் இருப்பது என் கண்ணிலும் படாது, அப்படி இருந்தோம். (அந்த ‘பினைன்’ என்ற சொல்லை அம்மாவுக்கு அங்கேயே விளக்கியவன் நான். லத்தீனில் ‘நல்ல’, ‘பிறந்த’ என்ற இரண்டும் சேர்ந்து வந்ததாம், நற்பிறப்பு. அதிலிருந்து கனிவான, தீங்கு செய்யாத என்று பொருள் வளர்ந்தது. ஒருவருடைய சிரிப்புக்கும் சொல்லலாம், வானிலைக்கும் சொல்லலாம், டாக்டர்கள் கட்டிக்குச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல் மாணவன் வீட்டில் இருப்பது எவ்வளவு வசதி பார்.) ஒரு கட்டிக்கே இவ்வளவு நல்ல குணம் இருக்கு, உனக்கு ஏன்டா இல்ல என்று இவனைக் கேட்டேன். இப்போது வீட்டில் எல்லாமே பினைன்தான், கீழ் வீட்டு ரமணியின் நாய்கூட பினைன், அப்பா வைத்த மீன்குழம்பு மட்டும் இல்லை. (சாப்பிட்டுப் பார்த்தேன். அது பரவும் ரகம்.)

பரீட்சையை விட்டுவிட்டு வர டிக்கெட் வாங்கினாயே, அதை ரத்து செய்துவிடு. எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்க்க வா, கட்டியைப் பார்க்க வர வேண்டாம். டாக்டர் சொன்ன அன்று கிஷன் பக்கத்திலேயே இருந்தான், எனக்கு அதுவே தைரியம். (கேட்டாயா?) தண்ணீர்மலை முருகன் துணையில் ஒரு குறையும் இல்லாமல் இரு. ஆயர் ஈத்தாம் சந்தையில் மிளகாய் வாங்கி அரைத்த தூள் இருக்கிறது, ஈரக் கரண்டி போடாதே.

உன் அம்மா
தனலெட்சுமி
(இடது கையால் அவரே போட்டது. கோழி கிளறியது போல இருந்தால் எழுத்தர் பொறுப்பல்ல.)

அக்கா, அம்மா பார்சல் கட்டக் கயிறு தேடப் போயிருக்கிறார். அந்த லத்தீன் எல்லாம் மறுநாள் அகராதியில் பார்த்தது. டாக்டர் சொன்ன நிமிஷத்தில் பினைன் நல்லதா, மலிக்னன்ட் நல்லதா என்றே எனக்கு மறந்துபோச்சு. என்னடா சொல்றாங்க என்று அம்மா கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவே டாக்டரிடம் மலாயில், பாய்க் கா, தா பாய்க், நல்லதா கெட்டதா என்று கேட்டார். பாய்க், நல்லதுதான் என்றார் டாக்டர். அப்புறம் அம்மா, தூக்கவே கூடாது என்று சொல்லியிருந்த கையைத் தூக்கி என் மூக்கைத் துடைத்துவிட்டார்.