குதிகாலுக்கு ஒரு கண்ணாடி

சேசு மரி சூசை துணை
கந்தர்வக்கோட்டை, 1-8-1963

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் என் அண்ணன் மகள், நான் வளர்த்த மகள் அமலராணிக்குச் சித்தப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் கல்லுப்போல் இருக்கிறேன், அந்த மழையிலும் குளிரிலும் நீயும் அப்படியே இருக்க மாதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் நடக்கும் என்று முன்னமே சொன்னவன் நான். கைக்குழந்தையில் நீ என் விரலைப் பிடித்தபோதே இது நாடி பார்க்கிற கை என்று ஊரைக் கூட்டிச் சொன்னேன். ஒருநாள் என் காலையும் ஒரு நர்சுதான் காப்பாற்றும் என்றேன், அதுவும் பலித்தது.

குதிகால் வெடிப்புக்கு முந்திரித்தோட்டு எண்ணெய் தடவினேன். மற்றவர்கள் ஒரு சொட்டு விடுவார்கள், நான் அரைக் கரண்டி. தேங்காய்ப் பருமனுக்குக் கொப்புளம். ஆஸ்பத்திரியில் டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவாராம், பிரகதாம்பாள் என்று ஒரு நர்சம்மாதான் இருந்தது. காலைக் காட்டினால் மூத்திரத்தைக் கேட்டது. குழாயில் நீல மருந்து விட்டுக் காய்ச்சினால் செங்கல் நிறமாகிவிட்டது, உடம்பில் சர்க்கரையாம். நர்சம்மா அதை எழுதிவைத்த சீட்டைப் பார்த்துச் செவ்வாய்க்கிழமை டாக்டரே எழுந்து நின்றாராம். புண்ணைத் தினமும் கழுவிக் கட்ட வேண்டும், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நர்சம்மா கேட்டது. தனியாள் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்க அமலி இருக்கு, அதுவும் நர்சுதான் என்று சொல்லிவிட்டேன்.

குதிகாலின் அடி நமக்கே தெரிகிறதா, பத்து நாளில் வாடை வந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. நர்சம்மா உன்னைப் பார்த்துப் பேசலாம் என்று சைக்கிள் மிதித்து வந்துவிட்டது. அடுப்படியில் கவிழ்த்திருந்த ஒரு தட்டையும் ஒரு தம்ளரையும் பார்த்தது. வையவில்லை. தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துக் கழுவிக்கொண்டே, "நீங்க பொய் சொன்னாலும் ஒங்க காலு காட்டிக்குடுத்துருதே" என்றது.

செவ்வாய்க்கிழமை அதுவே என்னைக் கூட்டிப்போய்க் காட்டியது. ஒரு மாதத்தில் ஆறாவிட்டால் தஞ்சாவூருக்கு அனுப்பிக் காலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நர்சம்மா தன் கைக்கண்ணாடியைக் கொடுத்து, அதைத் தரையில் வைத்துக் குதிகாலைப் பார்த்துக் கட்டப் பழக்கியது. இப்போது சதை சிவந்து வருகிறது, கால் தப்பியது. தினமும் சாயங்காலம் நர்சம்மா வருகிறது, கஞ்சி குடித்தேனா என்று கேட்கிறது, உன் கதையெல்லாம் கேட்கிறது. ஆகையால் நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் ஆள் இருக்கிறது என்று கிழவன் எவனாவது சொன்னால் நம்பாதே, போய்ப் பார். பரலோக மாதா திருநாளுக்கு மறக்காமல் பூசை காண். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு, உன் சித்தப்பா
ச. சந்தனசாமி

கடுதாசியை மடித்து ஒட்டுகிற இடத்தில் கொஞ்சம் தாள் மிச்சம் இருப்பதால் எழுதுகிறேன். நர்சம்மா தினமும் வருகிறது என்றது மட்டும் என் கைச்சரக்கு. அதற்குப் பதினோரு ஊர், இங்கே வெள்ளிக்கிழமைதான் வரும். மற்ற நாளெல்லாம் கஞ்சி குடிச்சீங்களா சித்தப்பா என்று நானே உன்னைப்போல் கேட்டுக்கொண்டு கட்டுகிறேன்.