வாளிக் கம்பெனியின் முதலாளி அக்காவுக்கு

அந்தப் பகல் காட்சியில் இருந்தவர்கள் இவர்கள்தான். பின்வரிசையில் காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர். நடுவில், ஏர்கோன் குளிருக்காக வந்து, படம் தொடங்குமுன்பே தூங்கிப்போன ஒரு சீனக் கிழவர். கதவோரம் டார்ச் லைட்டோடு ஒரு மலாய்ப் பெண். நான். என் வீட்டுக்காரர். அவருக்குப் பக்கத்தில், வாங்கிக் கொடுத்த பாப்கார்னைத் தொடாமல் மடியில் வைத்திருந்த அண்ணன், உங்கள் வீட்டுக்காரர். அவ்வளவு பேர்தான், அக்கா. படம் பாதிக்கு வந்தபோது நீங்கள் வந்தீர்கள்.

திரையில் உங்கள் முகம் சுவர் அளவுக்கு இருந்தது. மூக்குத்தி சாப்பாட்டுத் தட்டு மாதிரி. கழுத்தில் வியர்வை இறங்குவதுகூடத் தெரிந்தது. நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தேன். அண்ணன் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. கருமாதி முடிந்து நான்கு மாதம் ஆன பெண்டாட்டி, தனக்குத் தெரியாமல் ஒரு படத்தில் நடித்திருக்கிறாள் என்பதை அந்த மனுசன் அந்த நிமிடத்தில்தான் தெரிந்துகொள்கிறார்.

தெரிந்து செய்யவில்லை, அக்கா. படம் நீளமாகிவிட்டது, லாபிஸ் தோட்டத்தில் எடுத்ததையெல்லாம் வெட்டிவிட்டோம் என்று டைரக்டர் தம்பி நம் இரண்டு பேரிடமும் போனில் சொன்னாரே. “போனா போவுது, சாப்பாடு நல்லா போட்டாங்கல்ல” என்றீர்கள். அதை நம்பித்தான் அண்ணனைக் கூட்டிப் போனேன். படம் எடுத்த கம்பெனியில் ஷேர் வைத்திருப்பவர்களுக்குச் சும்மா டிக்கெட் வந்தது. “மனுசன் வீட்டுக்குள்ளயே கெடக்குறாரு, வாம்மா, கூட்டிக்கிட்டுப் போவோம்” என்றார் என் வீட்டுக்காரர்.

இது நேற்று. இன்று காலை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அதற்குத்தான் எழுதுகிறேன். உங்கள் பேரில் ஷேர் இருப்பது அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்று அம்மாள் சன்னிதியில் எரியும் கற்பூரத்தின் மேல் கை வைக்கச் சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். அந்தச் சத்தியத்தை நான் காக்க வேண்டுமா, உடைக்க வேண்டுமா?

வறுப்பதற்கு மலாயில் சொல்லும் கோரேங் என்ற வார்த்தையில் ஆரம்பித்தது எல்லாம். ஒரு வெள்ளிக்கிழமை கோவிலில் விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தோம். சல்லிக் காசு விலையில் கிடக்கும் ஷேரை நாலு பேர் சேர்ந்து சூடேற்றி விலையைத் தூக்குவதைக் கோரேங் என்கிறார்கள் என்று நான் சொன்னேன். பேப்பரையும் பிள்ளைகளின் பழைய இங்கிலீஷ் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிப் படித்தது அது. நீங்கள் புளியை விளக்கின் மேல் வைத்தபடியே சிரித்தீர்கள்.

“மீ கோரேங் தெரியும், நாசி கோரேங் தெரியும். இது என்னாடி புது கோரேங்?”

“கையச் சுட்டுக்கற கோரேங் அக்கா. நம்மளுக்கு வேணாம்.”

“ஒனக்கு வேணாம்னா நீ ஏன் அதப் படிச்ச, கணக்குப்புள்ள?”

எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிறவருக்கு இருந்த பேரை எனக்கு வைத்துக் கூப்பிட்டது நீங்கள் ஒருத்தர்தான். உப்பு வாங்கினாலும் எழுதி வைக்கிறேன் என்பதற்காக வந்த பேர். கோபம் வந்தாலும் அதே பேர், பாசம் வந்தாலும் அதே பேர்.

கடைசியில் நாம் ஷேர் வாங்கிய கம்பெனி அதற்கு முன்னால் பிளாஸ்டிக் வாளி செய்துகொண்டிருந்தது. வாளி விற்கவில்லை என்றதும் சினிமா எடுக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். பெரிய நடிகர் கிடையாது, சண்டை கிடையாது, தோட்டத்து மக்களைப் பற்றிச் சின்னப் பட்ஜெட்டில் ஒரு தமிழ்ப் படம். வாளி செய்தவனுக்குப் படம் எடுக்க என்ன தெரியும் என்று நான் கேட்டேன். “வாளி செஞ்சவனுக்கு ஓட்டை எங்க இருக்குன்னாவது தெரியும்ல” என்றீர்கள். ஷேர் ஒன்று ஆறு காசு. நூறு ஷேர் சேர்ந்தது ஒரு லாட், ஆறு வெள்ளி. அதை வாங்கிக் கொடுக்கிறவருக்குக் கமிஷன் அதைவிட அதிகம். அந்த அநியாயத்தை நான் விளக்கிச் சொன்னதும், “அப்ப கொஞ்சமா வாங்குனாதான் நட்டம்” என்று தீபாவளிக்கு முறுக்கு விற்ற காசு முழுவதையும் எடுத்து வந்தீர்கள். அப்படி ஒரு கணக்கை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்திலிருந்து சொல்வது ஒன்றுதான். “ஷேர்னா சூது. குடும்பத்துக்கு ஆகாது.” இதைச் சொல்லிக்கொண்டே புதன், சனி, ஞாயிறு தவறாமல் நாலு நம்பர் லாட்டரி எழுதப் போவார். “அவரு ஆடுனா நம்பிக்கை, நான் ஆடுனா சூது” என்று சொல்லிச் சிரிப்பீர்கள். இப்போது என்ன எழுதுகிறார் தெரியுமா அக்கா? உங்கள் ஐசி அடையாள அட்டையின் கடைசி நாலு நம்பர். இதுவரை ஒருதரமும் விழவில்லை. நம்பரை மாற்றவும் மாட்டேன் என்கிறார்.

ஆனால் நீங்கள் மறைத்தது திட்டுக்குப் பயந்து அல்ல, எனக்குத் தெரியும். கம்பெனியிலிருந்து முதல் கவர் வந்தபோது, அது என் வீட்டு விலாசத்துக்குத்தான் வந்தது, நீங்கள் என் சமையலறையில் நின்று அதன் மேல் இருந்த உங்கள் முழுப் பேரை விரலால் தடவிப் பார்த்தீர்கள். “புவான்னு மரியாதையாப் போட்டிருக்கான் பாரேன்” என்றீர்கள். பிறகு சொன்னீர்கள்: “வீடு அவரு பேரு. வாசல்ல நிக்கிற காடி அவரு பேரு. கரண்டு பில்லுகூட அவரு பேருலதான் வருது. அவருக்குத் தெரிஞ்சா இதுவும் அவரோடதாயிடும். இது ஒண்ணு என் பேருல கெடக்கட்டும்டி.” அன்றைக்குச் சாயங்காலமே கோவிலுக்கு இழுத்துப் போய் என் கையைக் கற்பூரத்தில் காட்ட வைத்தீர்கள்.

ஆண்டுக் கூட்டத்துக்கு ஜொகூர் பாரு ஹோட்டலுக்குப் போனோமே. வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வாளி, விற்காமல் கிடந்த சரக்கு. அதற்குள் ஒரு பொட்டலம் மீகூன் சேமியா, ஒரு பட விளம்பரம். பாதிப் பேர் அந்த வாளிக்காகவே வந்திருந்தார்கள். மேடையில் கம்பெனித் தலைவர் டத்தோ பேசி முடித்து, கேள்வி உண்டா என்றதும் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. மைக்கை வாங்கி மலாயில் கேட்டீர்கள்.

“டத்தோ, வாளி நல்லா இருக்கு. படம் எங்க?”

மண்டபமே சிரித்தது. டத்தோவும் சிரித்தார். “விரைவில், ஆன்ட்டி, விரைவில்.”

“விரைவில்னா எந்த மாசம்? நானும் இதுல ஒரு தவுக்கே, ஒரு முதலாளிதான்.”

சாப்பாட்டு வரிசையில் டைரக்டர் தம்பி உங்களைத் தேடி வந்தார். “அம்மா, இந்தக் குரல் எனக்கு வேணும். லாபிஸ் வரீங்களா?” என்றார். “முதலாளியே நடிச்சா சம்பளம் உண்டா?” என்று கேட்டீர்கள்.

வீட்டில் லாபிஸ் கோவில் திருவிழா என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அது பொய்யாகிவிடக் கூடாதே என்று நான் அரித்தெடுத்ததால், ஷூட்டிங்குக்குப் போகுமுன் அந்தக் கோவிலில் இறங்கி அண்ணன் பேருக்கே ஓர் அர்ச்சனை செய்தோம். அங்கே உங்களுக்குக் கொடுத்த வேலை சின்னது. விடியற்காலை ரப்பர் பால் மரம் வெட்டப் போகும் புருசன் லோரியில் ஏறுகிறான், பெண்டாட்டி வாசலில் நின்று “நேரத்தோட வாங்க” என்று சொல்ல வேண்டும். எத்தனை தரம் எடுத்தார்கள். உங்கள் வாயில் அது பள்ளிக்கூடப் பாடம் மாதிரி வந்தது. கடைசியில் அந்தத் தம்பி, “அம்மா, வீட்ல எப்படிச் சொல்வீங்களோ அப்படிச் சொல்லுங்க” என்றார்.

நேற்று அதைத்தான் காட்டினார்கள். லோரிக்காரன் முதுகு தெரிகிறது. நீங்கள் வாசல் கட்டையில் கை வைத்து நிற்கிறீர்கள். “கம்பியப் புடிச்சு ஏறுங்க.”

அண்ணன் வேலைக்குப் போன காலமெல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து நான் கேட்ட வார்த்தை. துறைமுகத்தில் அந்த உயரத்துக் கிரேனில் ஏறப் போகிறவருக்குத் தினம் நீங்கள் சொன்னது. அவர் பதில் பேசி நான் கேட்டதில்லை, மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம்தான் கேட்கும். நேற்று அந்த இருட்டில், சத்தமாக, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலச் சொன்னார்.

“சரி.”

சீனக் கிழவர் விழித்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பாப்கார்ன் அப்படியே அவர் கையில். 

“எப்ப இது?”

“போன வருசம் அண்ணே. லாபிஸ்ல.”

“திருவிழான்னு சொன்னாளே.”

“திருவிழாவுக்கும் போனோம் அண்ணே.”

என் வீட்டுக்காரர் தேத்தண்ணி குடிப்போமா என்று கேட்டார். அண்ணன் தன் போக்கில் கேட்டுக்கொண்டே போனார்.

“என்கிட்ட சொல்றதுக்கு என்னா? நான் என்ன, வேணாம்னா சொல்லியிருப்பேன்?”

பாப்கார்னைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவரே, “ஆமா. சொல்லித்தான் இருப்பேன்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் என்னை நேராகப் பார்த்து நான் கண்டதே நேற்றுத்தான். “தங்கச்சி, வேற ஏதாச்சும் இருக்கா, எனக்குத் தெரியாம?”

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் சத்தியம் போச்சு. “நாளைக்குச் சாயங்காலம் கோவிலுக்கு வாங்கண்ணே, பேசுவோம்” என்றுவிட்டேன். ஏதோ இருக்கிறது என்று அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டினார். எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, அடுத்த காட்சிக்கு டிக்கெட் வாங்க எழுந்து போனார்.

இதற்கு நடுவில் இன்று காலை இன்னோர் அதிர்ச்சி. ஷேர்க்காரர்களின் வாட்சப் குழுவில் சீஃபு, குருநாதர், என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த ஆள் நேற்று ராத்திரி ஏதோ கிளப்பிவிட்டிருக்கிறார், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நம் படத்தை விலை பேசுகிறதாம். சந்தை திறந்ததும் வாளிக் கம்பெனி ஷேர் நாம் வாங்கிய விலையைப் போல நாலு மடங்குக்குப் போய்விட்டது. குழு முழுக்க கோரேங், கோரேங் என்று ஒரே கூச்சல். ஏழு பேர் பார்த்த படம், அக்கா. அதிலும் ஒருத்தர் தூங்கினார். நாளைக்குப் புதுப் படம் வருகிறது, இதைத் தூக்கிவிடுவார்கள். டிக்கெட் விற்ற காசு அந்தக் கொட்டகையின் விளக்குக்குக்கூடக் காணாது. விலை மட்டும் எதைப் பிடித்து ஏறுகிறது? எனக்குத் தலை சுற்றுகிறது. என்னுடையதை எல்லாம் விற்றுவிட்டேன். கிடைத்தது லாபம்தான், ஆனால் நாளைக்கு விழப்போவதை யாரோ ஒரு முறுக்கு விற்கிற பெண் இன்று என்னிடம் வாங்கியிருப்பாள் என்று நினைத்தால் சாமி முன்னால் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.

உங்களுடையது அப்படியே கிடக்கிறது. இதில் காசு பேச்சே இல்லை என்பதும் எனக்குப் புரிகிறது. இன்றைக்கே அண்ணனிடம் சொன்னாலும், இறந்தவர் பேரில் இருப்பதை விற்கக் கோர்ட்டு, பத்திரம் என்று பல மாதம் இழுக்கும். அதற்குள் விலை பழையபடி சல்லிக் காசுக்கு வந்துவிடும். சொல்வதால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கையில் வராது. தெரியவருவது ஒன்றுதான், அவருக்குத் தெரியாமல் உங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ள நீங்கள் ஆசைப்பட்டீர்கள் என்பது. நேற்று சரி என்று சொன்ன மனுசனிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வருமா? சொல்லாமல் விட்டால், பாதி தெரிந்த கதையை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து அவர் என்னென்ன நினைத்துக்கொள்வார்? வரவையும் செலவையும் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தே வாழ்ந்தவள் நான். இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை.

சன்னிதியில் பூக்கட்டிப் பார் என்கிறார் என் வீட்டுக்காரர். ஷேரை வாங்கலாமா விற்கலாமா என்று நான் ஒருதரம் அப்படிச் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிக்கொண்டு போனபோது, “அம்மாளுக்கு வேற வேல இல்ல? ஒனக்கு புரோக்கர் வேல பாக்கவா ஒக்காந்திருக்கா?” என்று என் கையிலிருந்து பிடுங்கிப் போட்டீர்கள். அதனால் அம்மாளைக் கேட்கப் போவதில்லை. சத்தியம் வாங்கியது நீங்கள். விடுவிக்க வேண்டியதும் நீங்கள்தான்.

அண்ணன் சாயங்காலப் பூசைக்கு வந்துவிடுவார், அக்கா. சொல்லட்டுமா, வேண்டாமா? அதற்குள் எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.