ஒட்டகம், எருமை, என் இடது கை

மார்ச் 4, செவ்வாய்

இன்று தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர். லேப்புக்காகப் பதினோரு வீடு ஏறி, பதினாறு பேருக்குப் பரிசோதனை ரத்தம் எடுத்தேன். கடைசி மேட்டில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "அக்கா, எனக்கே பாவமா இருக்கு. இன்னும் ரெண்டு மாசம் ஓடும். அதுக்குள்ள வேற பாத்துடுங்க."

பன்னிரண்டு வருட பைக். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "வாங்கிடு. பின்சீட்டு மட்டும் நல்லா இருக்கணும்" என்றார். இவர் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைப்பவர். உலகத்தையே உட்காரும் இடத்தை வைத்துத்தான் எடை போடுவார்.

மார்ச் 6, வியாழன்

மதியம் கிடைத்த நாற்பது நிமிடத்தில் ஷோரூமுக்கு ஓடினேன். தொலைதூரப் பயணத்துக்கென்று செய்த நடுத்தர வண்டிகள் இரண்டு. எனக்கு உலகம் சுற்றும் ஆசையெல்லாம் இல்லை. தினமும் தொண்ணூறு கிலோமீட்டர், மேடு பள்ளம், நகரத்து சிக்னல், இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ரத்தக் குப்பிகள் வைக்கும் குளிர்பெட்டி. என் அன்றாடமே ஒரு தொலைதூரப் பயணம்தான்.

ஒன்று உயரம், ஒல்லி. ஏறி உட்கார்ந்தால் நுனிக்கால்தான் தரையில் படுகிறது. கிளட்ச் வெண்ணெய். ஆனால் ஒரே சிலிண்டர், வேகம் ஏறினால் கைப்பிடி அதிரும் என்று விற்பனையாளரே ஒத்துக்கொண்டார். இன்னொன்று தாழ்வு, பருமன், இரண்டு சிலிண்டர். எஞ்சின் ஓடுகிறதா என்று குனிந்து கேட்க வேண்டியிருந்தது. கிளட்ச்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அங்கேயே பெயர் வைத்துவிட்டேன் - ஒட்டகம், எருமை.

"வண்டி சாருக்கா மேடம்?" என்றார் விற்பனையாளர். "சார் பின்னால உக்காருவார்" என்றேன். பிறகு என்னைப் பார்த்தே பேசினார்.

எனக்கு அதிர்வுதான் முக்கியம். ஏன் என்பதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். மூன்று மாதமாக இடது கை ஆள்காட்டி விரல் மரத்துப் போகிறது. ரத்தக்குழாயை நான் கண்ணால் தேடுகிறவள் இல்லை. அந்த விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பேன், வலது கையால் ஊசி போடுவேன். பயிற்சிக் காலத்தில் ஒரு தலைமுடியைத் தாளுக்கு அடியில் வைத்து, கண்ணை மூடித் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கண்டுபிடித்தால் மேலே இன்னொரு தாள். வகுப்பில் யாரும் ஐந்தைத் தாண்டவில்லை. நான் ஏழு தாள் வரை போனவள்.

ஆகவே இரண்டு வண்டியையும் ஓட்டிவிட்டு வந்து தாள் எண்ணப் போகிறேன். எதற்கு அதிகத் தாளோ அதுதான் என் வண்டி. இதைவிட நியாயமான பரீட்சை உண்டா?

மார்ச் 8, சனி

காலை முழுக்க ஒட்டகம். நெரிசலில் பாம்பாய் நெளிகிறது. வளைவில் நான் நினைப்பதற்குள் திரும்பிவிடுகிறது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் இவர் விடாமல் முனகிக்கொண்டு வந்தார். "இது சீட்டா, இஸ்திரி போடுற பலகையா?"

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் முடியும் தாளும். மூன்று தாள். நாலாவதில் ஒன்றுமே தெரியவில்லை. அதிர்வு, வேறென்ன. பிடித்துப்போன வண்டியாயிற்றே என்று வருத்தமாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்

ஏழாம் மாடி டீச்சர். ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். வாரா வாரம் திங்கட்கிழமை நான்தான் எடுப்பேன். நாலு வருடத்தில் ஒரு தடவைகூட இரண்டாவது குத்து இல்லை. இன்று மூன்று குத்து. மாத்திரையால் ரத்தம் நிற்கவும் இல்லை, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தேன். முழங்கை மடிப்பு கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டு, "குளிர்ல நரம்பு ஒளிஞ்சுக்கும், விடும்மா" என்றார்.

இன்று குளிரே இல்லை. எல்லாம் இந்தப் பழைய வண்டியின் ஆட்டம். சீக்கிரம் மாற்ற வேண்டும்.

மார்ச் 12, புதன்

எருமைதான் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். "ஓட்டிப் பாக்காமலேவா?" என்றார்.

மார்ச் 15, சனி

எருமை. தயிர்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போகலாம், அலுங்காது. கைப்பிடியில் துளி நடுக்கம் இல்லை. இவர் பின்சீட்டை மூன்று இடத்தில் குத்திப் பார்த்து, "நல்ல நுரை. யாரோ தொழில் தெரிஞ்சவன் பண்ணிருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்தார். நகரத்துக்குள் கிளட்சை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துபோனது.

வந்ததும் தாள். மூன்று.

திரும்பவும் செய்தேன். மூன்று. முடியை மாற்றினேன், வேறு தாள் எடுத்தேன். இவர் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினேன். "இருக்கறதே கொஞ்சம்" என்றார். மூன்றுதான். கிளட்ச் கடினம், அதனால் இருக்கும். இல்லையென்றால் நாலு வந்திருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

மழை. வண்டியைத் தொடவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று காலையில் எழுந்ததும் தாளை எடுத்தேன்.

இரண்டு.

மார்ச் 17, திங்கள்

தெரிந்துதான் போனேன். அதை மாற்றி எழுத முடியாது. நேற்றே தெரியும், இருந்தும் இன்று காலை ஆறு வீட்டில் ரத்தம் எடுத்தேன். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தடித்த குழாய்கள், தப்பித்தேன். ஏழாவது வீடு டீச்சர்.

போன வாரத்துக் கறுப்பு இன்னும் மறையவில்லை. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, விரலை வைத்தேன். தடவினேன். கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டது போல் இருந்தது. ஊசியைப் பிரித்தாகிவிட்டது. எங்கே என்று குத்து மதிப்பாகத் தெரியும், குத்திவிடலாம். பாதிக்குப் பாதி கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டால்?

ஊசியைக் கழிவு டப்பாவில் போட்டேன். "டீச்சர், எனக்கு விரல்ல ஒண்ணும் தெரியல. வேற ஆள வரச் சொல்றேன்."

அவர் என்னையே பார்த்தார். "எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"யாருக்கிட்ட சொன்ன?"

"யாருக்கிட்டயும் இல்ல. வண்டியாலன்னு நெனச்சேன்."

"வலிச்சத நான் பொறுத்துக்குவேன்மா. நீ மறைச்சதுதான் எனக்குக் கோவம்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். பிறகு என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வேறு ஆள் வரும்வரை விடவில்லை.

நான் என்ன பொழப்பு பொழைச்சிருக்கேன்? யாரை ஏமாத்தினேன்? ரெண்டு வண்டியையும் குத்தவாளிக் கூண்டுல நிக்க வெச்சு விசாரிச்சேனே, இந்தக் கைய ஒரு நாளாவது கேட்டேனா? வண்டி இல்லாம ஒரு தடவை தாள் எண்ணிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. தோணலையா, இல்ல பயமா? பயம்தான். விரல் போச்சுன்னா நான் யாரு? சும்மா வண்டி ஓட்டுறவ.

மார்ச் 18, செவ்வாய்

லேப் மேலாளர் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், டீச்சரின் மூன்று குத்து உட்பட. அவர் திட்டியிருந்தால் தேவலை. "நாளையிலேர்ந்து முன்பதிவு மேஜையில உக்காருங்க. ஊசியத் தொடாதீங்க" என்றார். தினமும் நான் போகும் வீடுகளின் பாதையை வேறொருவருக்கு மாற்றியதை என் எதிரிலேயே எழுதினார்.

மாலை கை மருத்துவர். மணிக்கட்டில் உணர்ச்சி நரம்பு நசுங்குகிறதாம். "வண்டிதான் காரணமா?" என்று கேட்டேன். அப்போதும் விடவில்லை நான். "வண்டி கூட்டியிருக்கலாம். இல்லன்னாலும் வந்திருக்கும். கிளட்ச் எந்தக் கை?" என்றார். இடது என்றேன். பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். அறுவை சிகிச்சை செய்தால் உணர்ச்சி திரும்பலாம், முழுசாகத் திரும்பும் என்று எழுதித் தர முடியாது என்றார்.

இவரிடம் சொன்னேன். தன் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அன்னிக்கு என் முடியப் பிடுங்கினப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

நேற்று அறுவை சிகிச்சை முடிந்தது. இடது கையில் பெரிய கட்டு. பழைய வண்டியை மெக்கானிக் வந்து ஓட்டிப்போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஏப்ரல் 19, சனி

விரல் அப்படியே இருக்கிறது. தையல் பிரித்த இடத்தில் மட்டும் அரிப்பு. மேஜை வேலை எனக்குச் சரிப்படவில்லை. போனில் வருகிறவர்களிடம் எரிந்து விழுகிறேன்.

மே 24, சனி

பேருந்தில் ஷோரூம் போனோம். எஞ்சினைக் கிளப்பவே இல்லை. எருமையின் கிளட்சை இருபது முறை அழுத்தினேன், மணிக்கட்டில் சுளீர் என்றது. ஒட்டகத்தை அறுபது முறை அழுத்தினேன், விற்பனையாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதிர்வுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கைப்பிடி நுனியில் கனமான குமிழும் தடித்த உறையும் போட்டால் பாதி குறையும் என்றார்.

"தினமும் ஓட்டுற வண்டிக்கு ஆயிரம் தடவை கிளட்ச் பிடிக்கணும்" என்றேன் இவரிடம். "பின்சீட்டுல நீங்க வாரத்துக்கு ஒரு தடவைதான் உக்காருவீங்க."

"சரி, பலகையிலயே உக்காந்துக்கறேன்" என்றார். ஆனால் முன்சீட்டை நாடாவால் அளந்தார். ரெண்டு விரல்கடை நுரையைச் செதுக்கினால் எனக்குக் கால் எட்டுமாம்.

ஒட்டகத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். பாதை திரும்பக் கிடைக்குமா என்று தெரியாமலேதான் போட்டேன்.

ஜூன் 14, சனி

ஒட்டகம் வந்து எட்டு நாள். கால் தரையில் முழுசாகப் படுகிறது. இன்று இவரைப் பின்னால் வைத்து ஐம்பது கிலோமீட்டர் போய்விட்டு வந்தோம். விரல் கொஞ்ச நாளாகக் குறுகுறுக்கிறது. உணர்ச்சி திரும்பி வருகிறதா, அல்லது என் ஆசையா என்று தெரியவில்லை. இவருக்கு மட்டும் சொன்னேன், இனி மறைப்பதில்லை என்று இருக்கிறேன்.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் இவர் நேராக மேஜைக்குப் போய் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். சர்க்கரைப் பரிசோதனைக்கு மூன்று வருடமாக டிமிக்கி கொடுக்கிற மனிதர். பஞ்சு உருண்டையைப் பார்த்தாலே முகம் வெளுத்துவிடும்.

"எடு" என்றார். "ஓட்டிட்டு வந்த கையோடவே எடு. அப்பதான் தெரியும்."

"ஊசியத் தொடக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க."

"லேப்ல. இது என் கை."

இவருக்கு ஆழத்தில் ஓடுகிற குழாய், வெளியே ஒன்றும் தெரியாது. கையைக் கழுவி, என் பழைய பெட்டியைத் திறந்து ரப்பர் பட்டையைக் கட்டினேன். விரலை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார். கொஞ்சம் உள்பக்கமாக நகர்த்தினேன். இருந்தது. மெத்தென்று, அழுத்தினால் எழும்பி வந்தது. திரும்ப ஒரு முறை எடுத்து வைத்துப் பார்த்தேன், அதே இடத்தில் இருந்தது.

ஒரே குத்து.

"முடிஞ்சுதா?" என்று சுவரிடமே கேட்டார். நான் குப்பியைப் பொருத்திக்கொண்டிருந்தேன். பயந்துபோய்த் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், பிறகு குப்பியில் ஏறும் ரத்தத்தைப் பார்த்தார். குப்பி நிறையும் வரை கண்ணை எடுக்கவே இல்லை.