அரண்மனைத் தச்சர் செதுக்கிய ராஜா ராணி

அன்புள்ள வனஜாட்சிக்கு,

இப்படி நடக்கும் என்று உன் கல்யாணத்தன்றே சொன்னேன். மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

நான் சீராகக் கொடுத்த செஞ்சந்தனப் பட்டத்து ராஜா ராணி பொம்மையில் தொடங்கி, தசராவுக்குத் தசரா செட்டியார் ஜோடி, மல்லர்கள், அம்பாரி யானை என்று கட்டைவிரல் உயரத்தில் அறுபது பொம்மை சேர்த்துவிட்டாய். மைசூரில் வேறெந்த வீட்டிலும் அப்படியொரு வரிசை கிடையாது. வீடு வீடாகப் பார்த்தவன் சொல்கிறேன்.

நேற்று நீ அழுதுகொண்டே போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மாமியார் ராஜாவைக் கல்லில் உரைத்துப் பார்த்தாராம். செஞ்சந்தனத்தின் சிவப்பு இறங்கவில்லையாம்.

"அரண்மனை ராஜாவை யாருக்குடி வித்தே? இந்த வெறுங்கட்டைக்கா என்னை ஆரத்தி எடுக்க வச்சே?"

உன் புருஷனும் அவர் பக்கம்தானாம். தசராவுக்குள் அசல் வராவிட்டால் நீ அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம்.

நேரில் வந்து அந்த அம்மாளை நடுங்க வைத்திருப்பேன், முழங்கால் வலி. அதனால் இந்தக் கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடு.

நீ எதையும் விற்கவில்லை. அதே பொம்மைதான். பெங்களூர் ரோட்டில், மரப்பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணத்தில், பஸ் நிலையத்துக் கடையில் நானே பார்த்துப் பார்த்து வாங்கினேன். ஆசையாகக் கொடுத்தது நிஜம். செஞ்சந்தனமும் அரண்மனைத் தச்சரும் மட்டும் நான் சேர்த்தது.

உன் தாய்மாமன்