கடைசி ஆள் வந்தாச்சா?

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
20.1.2025

அன்புள்ள ஹமீதா அக்காவுக்கு,

மணி எழுதுகிறேன். நீங்களும் நாஸியாவும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

பதினொரு தடவை போன் செய்துவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினால் தப்ரேஸ் வந்து, "அம்மா ஊத்தங்கரைக்குப் போயிட்டாங்க ஆன்ட்டி, அக்காவுக்கு நாள் நெருங்கிடுச்சு" என்றான். நாஸியாவுக்குப் பிப்ரவரி பத்துக்கு மேல்தான் பிரசவத் தேதி என்று நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசியாக யாருக்குக் கடிதம் எழுதினேன் என்பதே நினைவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதீர்கள். சிரித்தாலும் சந்தோஷம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் கோபம் என்று தெரிகிறது. பன்னிரண்டாம் தேதி பனி எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். ஏரிக்கரையில் பத்தடிக்கு முன்னால் ஓடுகிறவரைத் தெரியவில்லை. இளம்பரிதி வழக்கம்போல "கடைசி ஆள் வந்தாச்சா?" என்று கேட்டான். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் போட்டோவும் டீயும் என்பதும், புதிதாக வந்தவருக்கு அவரைக் கூட்டிவந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதும் நம் ஓட்டக் கிளப்பில் அவன் வைத்த சட்டம். உங்களுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்? நீங்கள் முடியாமல் பாதியிலேயே வீட்டுக்குப் போயிருப்பீர்கள் என்று நினைத்துவிட்டேன் அக்கா. அதையே சொன்னேன். உடனே போட்டோ எடுத்துக்கொண்டு எல்லோரும் டிபனுக்குக் கிளம்பிவிட்டோம். தப்புத்தான். மன்னித்துவிடுங்கள்.

போன ஞாயிறு நீங்கள் இல்லாமல் யாருக்கும் ஓடவே பிடிக்கவில்லை. நீங்கள் கடைசி வளைவில் "அம்மாடியோவ்" என்று குரல் கொடுத்ததும் நாலைந்து பேர் திரும்ப ஓடிவந்து கை தட்டிக் கூட்டிவருவார்களே, அந்தச் சத்தம் இல்லாமல் ஏரிக்கரையே வெறிச்சென்று இருந்தது. ஆட்டோ ஓட்டுகிற மாதேஷ் அண்ணன், "எங்க நம்ம எக்ஸ்பிரஸ் வண்டி?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

முதல் நாள் நாம் ஓடியது நினைவிருக்கிறதா? மெடிக்கல் கேம்ப்பில் இரண்டு பேருக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டில் நான் போய்ச் சேர்ந்து, அக்டோபரில் உங்களை இழுத்துவந்தேன். கிளப் பனியனை மறைக்கத் துப்பட்டாவை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு வந்தீர்கள். "யாரும்மா தொரத்தறாங்க உங்கள?" என்று பால்காரர் கேட்டதற்கு, "சக்கரதான்யா தொரத்துது" என்று நீங்கள் சொன்ன பதிலை மாதேஷ் அண்ணன் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்துவிடுங்கள் அக்கா. ஒரு வரி எழுதினால் கூடப் போதும்.

அன்பு மாறாத,
மணி

*

ஊத்தங்கரை
27.1.2025

மணிமேகலைக்கு,

இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். நாஸியாவுக்குக் கால் வீக்கம் இருக்கிறது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். உன் பெரியவனுக்குப் பரீட்சை வருகிறது, ராத்திரியில் மாத்திரை போட மறந்துவிடப் போகிறாய்.

உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். எழுத்து ஒன்றும் கோணல் இல்லை, நன்றாகத்தான் எழுதுகிறாய். போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. போனில் பேசினால் நீ அழுவாய், நான் போகட்டும் விடு என்பேன், அதோடு முடிந்துவிடும். எட்டு வருஷமாக ஒரே கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வந்திருக்கிறோம், உன்னை எனக்குத் தெரியாதா?

எனக்குப் புரியாதது ஒன்றுதான். என் பை உன் ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது. போன், வீட்டுச் சாவி, பர்ஸ், மயக்கம் வந்தால் வாயில் போட வைத்திருக்கும் சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் அதில்தான். ஓடும்போது கனக்கும் என்று நீயே வாங்கி வைத்தாய். வீட்டுக்குப் போகிறவள் வீட்டுச் சாவியை உன்னிடம் விட்டுவிட்டா போவாள்?

கடைசி வளைவில் வழக்கம்போல் குரல் கொடுத்தேன். யாரும் வரவில்லை. கல் பெஞ்சுக்கு வந்தால் ஒரு ஆளைக் காணோம், தரையில் வாழைப்பழத் தோல்தான் கிடந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். எங்காவது ஒளிந்துகொண்டு விளையாடுகிறீர்கள் என்று கூட நினைத்தேன், எனக்குப் புத்தி அவ்வளவுதான். பிறகு நடக்க ஆரம்பித்தேன். பஸ்ஸுக்குக் காசில்லை. பாகலூர் ரோடு திரும்புகிற இடத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பூ விற்கிற ஒரு கன்னடத்துக்காரம்மா, "கூத்கொள்ளம்மா, கூத்கொள்ளி" என்று கையைப் பிடித்து உட்காரவைத்து, அவள் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கொடுத்தாள். முன்பின் தெரியாதவள்.

சாயந்திரம் நீ பையைத் தப்ரேஸிடம் கொடுத்துவிட்டுப் போனாய். நான் உள்ளேதான் இருந்தேன். நீ செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

பனி என்று எழுதாதே. நடந்ததை எழுது. எழுத முடியவில்லை என்றால் விட்டுவிடு, நானும் கேட்க மாட்டேன்.

ஹமீதுன்னிசா

*

ஓசூர்
4.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கம்பெனி பாத்ரூமில் வைத்துப் படித்தேன். வீட்டில் படித்தால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். உங்களுக்குக் கண் இருட்டியபோது நான் எங்கே இருந்தேன் தெரியுமா? ஓட்டலில் இரண்டாவது தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பனி காரணமில்லை. நீங்கள் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு எச்.ஆர். சுஜாதா மேடம் முதல் தடவையாகக் கிளப்புக்கு வந்திருந்தார். பெங்களூர் ஓட்டத்துக்குக் கம்பெனி சார்பில் ஆறு பேரை அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. என்னை நிரந்தரம் ஆக்குகிற பைலும் அவர் மேஜையில்தான் இருக்கிறது. ஒன்பது வருஷக் கான்ட்ராக்ட் அக்கா. நான் அவர் பக்கத்திலேயே ஓடினேன். "குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல இவ்வளவு ஃபிட்டா ஒருத்தர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓடி முடித்து நின்றோம். இளம்பரிதி, "கடைசி ஆள் வந்தாச்சா?" என்றான். மேடம் என்னைப் பார்த்து, "யாருக்காக வெயிட் பண்றோம்?" என்று கேட்டார். அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் உங்கள் குரல் கேட்டது. லேசாகத்தான். எனக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ, மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குள் ஓடியது. கேண்டீன் ரப்பர் ஷூவோடு வேர்த்து விறுவிறுத்து வருவீர்கள். "ஏய் மணி, தண்ணி குடுடி" என்பீர்கள். மேடம் யார் என்று கேட்பார். நீங்கள் வெள்ளை மனசோடு, "இவளும் நானும் ஒண்ணா தட்டு கழுவினவங்க மேடம்" என்பீர்கள்.

என்னைப் பற்றி மேடத்துக்கு அது தெரியாது. டிப்ளமோ முடித்து நேராகக் குவாலிட்டிக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தியதில்லை. இரண்டு வருஷம் உங்கள் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவியதையும், குவாலிட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நீங்கள்தான் என்னைப் பிடித்துத் தள்ளியதையும், இன்டர்வியூவுக்கு உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனதையும் அந்தக் கட்டடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் சொன்னேன்: "யாரோ ஒரு கேண்டீன் அம்மா மேடம். முடியாம அப்பவே வீட்டுக்குப் போயிட்டாங்க."

இதுதான் அக்கா நடந்தது. இதை நீங்கள் கேட்கவில்லை. பையைப் பற்றித்தான் கேட்டீர்கள். இந்த ஒரு வார்த்தையை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போட்டேன். தினமும் வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்ட உங்களை யாரோ என்று சொன்னேன். டிக்கியில் உங்கள் பை இருப்பது அப்போதே நினைவுக்கு வந்தது. ஓட்டலுக்குப் போகிற வழியில் வண்டி குதிக்கும்போதெல்லாம் உள்ளே உங்கள் சாவி சத்தம் போட்டது. அப்படியும் வண்டியைத் திருப்பவில்லை.

முந்தாநாள் கிளப்பில் எல்லோர் முன்னாலும் இளம்பரிதியிடம் சொன்னேன், நான் பொய் சொன்னேன், அக்கா ஓடி முடித்துத் தனியாக நின்றார்கள் என்று. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மாதேஷ் அண்ணன் மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

மேடம் அன்றைக்கு வரவில்லை. ஆபீசுக்குப் போய் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை அவர் அறை வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை. பைல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்டவளாகத்தான் இன்றுவரை இருக்கிறேன் அக்கா. கண்ணாடி பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும்,
மணிமேகலை

*

ஊத்தங்கரை
23.2.2025

அன்புள்ள மணிக்கு,

நாஸியாவுக்குப் பதினான்காம் தேதி பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. அழுகிற சத்தம் என்னைப் போலவே என்று மருமகன் கேலி செய்கிறார். நோன்பு வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இன்று உட்கார்ந்தேன்.

நீ சொன்ன வார்த்தை எனக்கு முன்பே தெரியும். மறுநாள் போகி அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். சுஜாதா மேடம் தட்டை நீட்டி, "நீங்கதான நேத்து ஓட வந்துட்டு பாதியிலயே போயிட்டவங்க? குவாலிட்டி மணிமேகலை சொன்னாங்க, யாரோ கேண்டீன்லேர்ந்து வந்திருந்தாங்கன்னு. விட்றாதீங்கம்மா, தொடர்ந்து வாங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே அவருக்கு ஒரு அப்பளம் சேர்த்து வைத்தேன். அன்றைக்கே லீவு சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். பையைப் பற்றி மட்டும் உன்னிடம் கேட்டேன். மீதியை நீயே எழுதுகிறாயா என்று பார்க்க வேண்டியிருந்தது. எழுதியிருக்காவிட்டால் இந்தக் கடிதம் இல்லை.

உன் கடிதம் வந்த பிறகும் கை வரவில்லை. இது உன் குணம், என்னிடம் இப்படி ஒன்று கிடையாது என்று பெருமையாகத்தான் இருந்தேன்.

இங்கேயும் காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுகிறேன். நாலாவது நாளே பக்கத்து வீட்டு ருக்மணி சேர்ந்துகொண்டாள். என்னைவிடப் பெரிய உடம்பு. நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பத்தடி ஓடிப் பத்தடி நடந்து, "இருங்கக்கா, இருங்கக்கா" என்று கத்திக்கொண்டே வருவாள். போன வியாழக்கிழமை மருமகனின் பெரியம்மா குடும்பம் கிருஷ்ணகிரியிலிருந்து குழந்தையைப் பார்க்கக் காரில் வந்தது. வசதியானவர்கள். மைதானத்து ஓரம் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். ருக்மணி பின்னாலேயே கத்திக்கொண்டு வருகிறாள். அந்தம்மா கண்ணாடியை இறக்கி, "யாரது?" என்று கேட்டார்.

"என் சிநேகிதி, என்கூடத்தான் ஓடறா" என்று சொன்னேன் மணி. சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றேன். அந்த ஒரு மூச்சில் என் வாய்வரை எது வந்தது என்று எனக்குத் தெரியும். ருக்மணிக்குத் தெரியாது. அவள் வந்து காருக்குள் எட்டிப் பார்த்து எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அந்தக் கல் பெஞ்சு இன்னும் கனவில் வருகிறது. உன்னைத் திட்ட வாயெடுத்தால் இப்போது ருக்மணியும் சேர்ந்து வருகிறாள். நான் என்ன செய்ய?

மேடத்திடம் எனக்காகப் போய் எதுவும் சொல்ல வேண்டாம். அது உன் சோறு, உன் பிள்ளைகள் சோறு. சொல்வதானால் உனக்காகச் சொல்.

பெருநாள் முடிந்து ஏப்ரலில் ஓசூர் வருகிறேன். இளம்பரிதியிடம் போனில் பேசிவிட்டேன். எனக்கு இனி நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், மணிமேகலை பொறுப்பில் இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். சுஜாதா மேடம் எந்த ஞாயிறு வருவார் என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் வருவேன். நீ உன் வேகத்தில் முன்னால் போ. நான் வளைவில் குரல் கொடுப்பேன், மேடம் உன்னிடம் யார் என்று கேட்பார். அப்போது நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கத்தான் அவ்வளவு தூரமும் ஓடி வரப்போகிறேன்.

ஹமீதா