அண்ணன் காதில் விழக் கூடாதது

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

மகள் லோசெலி எழுதுகிறேன். இந்தத் தீவில் நலமாகவே இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி தேவலையா?

யாருக்கு எப்படிப்பட்ட துணைமேல் ஆசை வரும் என்று நாடு நாடாக ஆராயும் பேராசிரியருக்காகக் கேள்வி கேட்பதுதான் என் வேலை. போன வாரம் அவர் இந்தத் தீவு மீனவன் சிமியோனேவையும் அவன் தங்கை மெலெனைதேவையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிட்டார்.

"டோங்காவுல அண்ணன் தங்கச்சி முன்னால இதெல்லாம் பேசமாட்டோம் சார்," என்றேன்.

"பத்து நிமிஷம்தானேம்மா, சும்மா கேளு."

படுக்கை பற்றிய கேள்வியை நான் வாசித்ததும் சிமியோனே எழுந்து போய்விட்டான். தங்கை முகத்தில் விழிக்க முடியாமல், பலமாக அடித்த காற்றிலும் கடலுக்குப் படகை எடுத்திருக்கிறான். படகு மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது.

கவலைப்படாதீர்கள், என்னை யாரும் திட்டவில்லை. மெலெனைதே மட்டும் ஒன்று கேட்டாள்: "உனக்கும் அண்ணன் இருக்கான்லக்கா?"

மிச்சக் கேள்விகளையும் அவளிடம் கேட்டு முடிக்கச் சொல்கிறார் பேராசிரியர்.

துக்கத்துக்கு இடுப்பில் கட்டும் பாயை அடுத்த கப்பலில் அனுப்புங்கள், கொஞ்சம் தேங்காயெண்ணெயும். இங்கே கப்பல் ஊதிவிட்டது, முடிக்கிறேன்.

அண்ணன் கேட்டால், நான் இங்கே மீன் எண்ணுவதாகச் சொல்லுங்கள்.

லோசெலி