நீ கோடு போட்ட சுற்றுவழி

கண்ணே, எழுந்தாயா? சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. எடுத்துக்கொண்டு உட்கார், உன் அப்பா கதை ஒன்று சொல்கிறேன்.

உன் அக்காள் வீட்டுக்குப் போக நம் பழைய வேன் மலைப்பாதை தாங்காது, ஆற்றோரமாகச் சுற்றிப் போங்கள் என்று நீ சொன்னதற்கு, "நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு நீ வழி சொல்றியா?" என்று குதித்தாரே, அந்த மனிதர் நேற்று என்ன செய்தார் தெரியுமா? வேனிலிருக்கிற தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, படுக்கை பாத்திரமெல்லாம் ஏற்றி, வண்டி தாங்குமா என்று பார்க்கத் தனியாகக் குவாரி மேட்டுக்கு ஓட்டிப் போனார். அதுவும் அந்த மலைப்பாதை அளவுக்குச் செங்குத்துதான். பாதியில் வண்டி நின்றுவிட்டது. முதல் கியரிலும் நகரவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி, "மெதுவா வாங்க பெரியவரே, நான் பாத்துக்கறேன்," என்று கைகாட்ட, இவர் வேனைப் பின்பக்கமாகவே இறக்கினார். அந்தப் 'பெரியவரே'தான் அவருக்கு உறைத்தது, என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தார். தான் போட்டிருந்த மலைப்பாதைக் கோட்டை அழித்தார். நீ பென்சிலால் போட்ட ஆற்றோர வழியைப் பேனாவால் அழுத்தி வரைந்தார். "அவகிட்ட சொல்லிடாதே," என்றார். நான் எங்கே சொன்னேன், எழுதத்தானே செய்கிறேன்.

அக்காள் வீட்டுக்கு ஒருநாள் தாமதமாகப் போய்ச் சேருவோம். இரவு வேலை முடிந்து வந்து தூங்குகிறாய், எழுப்ப மனசில்லாமல் கிளம்புகிறோம். உன் அறை வாசலில் அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

சாயங்காலம் போனில் பேசுவார். மேட்டைப் பற்றிக் கேட்காதே. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று மட்டும் கேள்.

மறந்தேனே: மாடிச் சாவி மீட்டர் பெட்டி மேல். வேனை மெக்கானிக் பார்த்துவிட்டார், பயமில்லை. இந்த வீட்டுக்கு வருகிற கோபமெல்லாம் வாசலோடு திரும்பிப் போகட்டும். நீ நன்றாயிரு, தாயி.